மேசைக் கண்ணாடிக்குக் கீழிருந்த சட்டம்

பிரதேச சபைக்குப் போவதென்றால் அஜந்தா ராகுகாலம் பார்த்துத்தான் போவாள். திங்கட்கிழமை காலை ஏழரையிலிருந்து ஒன்பது வரை ராகுகாலம். கந்தோர்க் கதவு எட்டரைக்குத் திறக்கும். ஒன்பது அடிக்கும்வரை ஊரில் ஒருவரும் விண்ணப்பத்தோடு அந்த வாசற்படியை மிதிக்க மாட்டார்கள். ஆகவே அந்த அரை மணித்தியாலம் சபையிலுள்ள அத்தனை லிகிதர்களும் அவளுக்கே சொந்தம்.

“நல்ல காரியத்துக்குக் கெட்ட நேரம் பாத்துப் போறவள் வாவிக்கு எழுவான்கரை, படுவான்கரை ரெண்டு பக்கத்திலயும் நீ ஒருத்திதான்” என்பான் அவள் கணவன் உதயரூபன்.

“ரெண்டு மணித்தியாலம் வரிசையில நிக்கிறதுதான் கெட்ட நேரம். நீங்க போய் வலையைப் பாருங்க.”

அஜந்தாவுக்கு நாற்பத்தேழு வயது. தன்னாமுனையைத் தாண்டி வாவிப் பக்கமாக இறங்கும் கிரவல் வீதியின் முடிவில் இருக்கிற கண்டலடிதான் ஊர். உதயரூபன் வாவியில் தோணி வைத்திருக்கிறான். அவன் கொண்டுவரும் இறாலும், அவள் ஓலை நீத்துப்பெட்டியில் அவிக்கும் சிவப்பு அரிசிமாப் புட்டும் சேர்ந்து பதினொரு வருடமாக ஒரு தொழில் நடக்கிறது. காலை ஏழு மணிக்குள் நூற்றுச் சொச்சம் புட்டுப் பார்சல்கள் ஓட்டோவில் ஏறி வந்தாறுமூலைக்குப் போகும். பல்கலைக்கழகத்தைச் சுற்றி வாடகை அறைகளில் இருக்கும் பிள்ளைகள் அதைச் சாப்பிட்டுவிட்டு வகுப்புக்கு ஓடுவார்கள். வாழையிலையில் சுற்றிய புட்டு, இறால் கறி, ஒரு பிடி சம்பல். பெயர்ப்பலகை கிடையாது, பதிவு கிடையாது. கண்டலடி அக்காவின் புட்டு என்றால் எல்லோருக்கும் தெரியும்.

எல்லோருக்கும் தெரிவதில்தான் வில்லங்கமும் இருந்தது. நாலு வருடமாக வியாழக்கிழமை தோறும் சபைக் கந்தோர் வாகனமொன்று அவள் வீட்டு வேலியோரம் வந்து நிற்கும். சாரதி இறங்க மாட்டான். கண்ணாடியை இறக்கி இரண்டு விரலைக் காட்டுவான். இரண்டு பார்சல், காசில்லாமல். ஒருநாள் அஜந்தா முகத்தைச் சுளித்தபோது அவன் சிரித்துக்கொண்டே சொன்னான்: “உங்களிட்ட லைசன் இல்லத்தானே அக்கா. நாங்க கண்டும் காணாம இரிக்கிறம்.”

அந்தச் சிரிப்பு அவளுக்குள் முள்ளாகக் கிடந்தது. இரண்டு புட்டுப் பார்சலால் யாரும் ஏழையாகிவிடுவதில்லை. ஆனால் தன் குசினியில், தன் கையால் அவித்த புட்டுக்கு முன்னால் நின்றுகொண்டு, தான் ஏதோ களவு செய்கிறவள் மாதிரி ஒரு வாகனச் சத்தத்துக்குத் துணுக்குற வேண்டியிருக்கிறதே! அதைத்தான் அவளால் விழுங்க முடியவில்லை.

இந்த வருடம் மாசி மாதம் வந்தாறுமூலையில் தனியார் மாணவியர் விடுதியொன்று புதிதாகத் திறந்தது. இருநூற்று நாற்பது பிள்ளைகளுக்குக் காலைச் சாப்பாடு கொடுக்க ஆள் தேடினார்கள். டென்டர் கடுதாசியில் ஒரு நிபந்தனை தடித்த எழுத்தில் இருந்தது: பிரதேச சபையின் வியாபார உரிமம் உள்ளவர்கள் மட்டும். கடைசி நாள், நாலு கிழமைக்குப் பிறகு வரும் வெள்ளிக்கிழமை பிற்பகல் மூன்று மணி.

அஜந்தா அந்தக் கடுதாசியை இரண்டு தரம் வாசித்தாள். “எடுக்கத்தான் போறன்” என்றாள். டென்டரையா, லைசனையா என்று உதயரூபன் கேட்கவில்லை. அவளுடைய குரல் அப்படி இருந்தது.

முதல் வேலை சுலபமாக முடிந்தது. கிராம சேவகரிடம் கடிதம் வாங்கிக்கொண்டு பிரதேச செயலகத்துக்குப் போய், “அஜந்தா காலை உணவகம்” என்று வியாபாரப் பெயரைப் பதிந்தாள். பிறகு சபையில் உரிம விண்ணப்பத்தைக் கொடுத்தாள். மூன்றாம் நாள் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் நௌஷாட் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். மெலிந்த மனிதர், கையில் ஒரு பட்டியல். குசினியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுக் கிணற்றடியில் போய் நின்றார்.

“அக்கா, இந்தக் கிணத்துக்கும் கக்கூஸ் குழிக்கும் எத்தின அடி?”

“எங்கட கிணத்துத் தண்ணி இனிப்பு சேர். ஊரே வந்து அள்ளுது. குடிச்சுப் பாருங்க.”

அவர் குடிக்கவில்லை. ஒரு போத்தலில் பிடித்து ஐஸ் பெட்டிக்குள் வைத்தார். “இனிப்பாத்தான் இரிக்கும். கிருமிக்கு ருசி இல்ல அக்கா.”

அவர் சொன்ன வேலைகள் பத்து. நிலம் கழுவக்கூடிய சீமெந்தாக இருக்க வேண்டும், ஏனென்றால் மண் தரையில் ஈரம் தங்கும். ஜன்னலுக்கு ஈ வலை வேண்டும். இறால் கழுவும் தொட்டியில் கோப்பை கழுவக்கூடாது. வேலை செய்கிறவர்களுக்கு மருத்துவச் சான்றிதழ் வேண்டும், தலைக்குத் தொப்பி வேண்டும். ஒவ்வொன்றுக்கும் அஜந்தா “என்னத்துக்கு சேர்?” என்று கேட்டாள். ஒவ்வொன்றுக்கும் அவர் நின்று நிதானமாகக் காரணம் சொன்னார்.

தண்ணீர் முடிவு வந்தபோது அதில் கிருமி இருந்தது. போன வருடம் வாடகை அறைப் பிள்ளைகள் மூன்று பேருக்கு வயிற்றோட்டம் வந்தது அஜந்தாவுக்கு ஞாபகம் வந்தது. அப்போது ஊரில் நாவூறு என்றார்கள். உதயரூபன் குசினி வாசலில் தேசிக்காயும் மிளகாயும் கோத்துக் கட்டினான். நாவூறு இருந்த இடம் கிணற்றுக்குள். இரண்டு வருடத்துக்கு முன்னர் மகளின் கலியாண அவசரத்தில் வெட்டிய கக்கூஸ் குழி கிணற்றுக்கு மிகக் கிட்ட இருந்தது. அடுத்த கிழமை குழியை வளவின் மறு கோடிக்கு மாற்றினார்கள். கிணற்றை இறைத்துக் குளோரின் போட்டார்கள். தேசிக்காய் மாலையை அவிழ்த்து எறிந்துவிட்டு அதே ஆணியில் ஈ வலைச் சட்டத்தைப் பொருத்தினாள் அஜந்தா. இரண்டாவது தண்ணீர்ச் சோதனையில் கிருமி இல்லை.

“பத்து வேலை சொல்லிக் களைக்கப் பண்ணிட்டார் எண்டு திட்டினாயே” என்றான் உதயரூபன்.

“திட்டினன்தான். ஆனா அந்த மனிசன் ஒரு வேலையும் சும்மா சொல்லல்ல.”

தொப்பிகளைத் தைத்துக் கொடுத்தவள் பக்கத்துச் சிறு ஒழுங்கையில் இருக்கும் தவமணி. வீட்டுக்குள்ளேயே தையல் மெசின் வைத்திருக்கிறாள். வாசலில் பலகை இல்லை. கேட்டு வருகிறவர்களுக்கு மட்டும் சட்டை தைப்பாள். வெள்ளைத் துணியில் நாலு தொப்பியைத் தைத்துக் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டுச் சொன்னாள்: “லைசன் இல்லாத தையல்காரி உனக்கு லைசன் எடுக்கத் தொப்பி தைச்சிரிக்கன். பாத்துப் போடு, கழட்டிப் பறிச்சிருவாங்க.”

சுகாதார அறிக்கை நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தது. இனிக் காணி ஆவணம் மட்டும்தான். திங்கட்கிழமை எட்டரைக்கு அஜந்தா சபையில் நின்றாள்.

உரிமப் பிரிவில் இருந்தவர் நல்லரத்தினம். ஓய்வுபெற இன்னும் இரண்டு வருடம் உள்ள லிகிதர். வெள்ளைச் சேர்ட், மூக்கு நுனியில் கண்ணாடி. அவருடைய மேசையின் மேல் ஒரு தடித்த கண்ணாடித் தகடு. அதற்குக் கீழே களுதாவளைப் பிள்ளையார் படம், பேரப்பிள்ளையின் புகைப்படம், போன வருடத்துக் கலண்டர், மஞ்சளாகிப்போன தட்டச்சுக் கடுதாசி ஒன்று.

அஜந்தா தன் காணி உறுதிப் பத்திரத்தை நீட்டினாள். விண்ணப்பத்தில் “இடத்தின் உரிமையாளர்” என்ற கட்டத்தில் தன் பெயரை எழுதியிருந்தாள். நல்லரத்தினம் உறுதியைப் புரட்டினார்.

“இது உங்கட அம்மா உங்களுக்கு எழுதினது. சரி. மகள் கலியாணம் முடிச்சிட்டாவா?”

“ஓம் ஐயா, ரெண்டு வருசம்.”

“அப்ப வீட்ட மகளுக்கு எழுதியிருப்பீங்களே.”

அஜந்தா நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

கலியாணத்துக்கு முந்திய நாள் நொத்தாரிசு வீட்டில் அவளே கையெழுத்து வைத்தாள். வீடு, வளவு, கிணறு, பதினேழு தென்னை, எல்லாம் மகள் பிரஷாந்திக்கு. இங்கே அப்படித்தான். மகளுக்கு வீட்டைக் கொடுத்துவிட்டுத் தாயும் தகப்பனும் அதே வளவின் பின்பக்கம் சின்னதாக ஒரு வீடு போட்டுக்கொண்டு ஒதுங்குவார்கள். மருமகன்தான் மனைவி வீட்டுக்கு வந்து சேருவான். அவளுடைய தாயும் இதையே செய்தாள். கொடுத்ததை அஜந்தா மறக்கவில்லை. கொடுத்த பிறகும் அதே கிணற்றில் அள்ளி, அதே குசினியில் அடுப்பு மூட்டி வந்ததில், அது இனித் தன்னுடையதல்ல என்பது அவளுடைய கைக்குத் தெரியாமல் போய்விட்டது. இந்தப் பக்கத்துத் தாய்மாருக்கு மட்டுமே வரக்கூடிய பிழை.

“மகள்ட சம்மதக் கடிதம் ஒண்டு, சமாதான நீதவான் அத்தாட்சிப்படுத்தி, கொண்டு வாங்க” என்றார் நல்லரத்தினம். அது நியாயமாகத்தான் இருந்தது. இன்னொருவரின் காணியில் கடை வைப்பதென்றால் அவரைக் கேட்கத்தானே வேண்டும். அஜந்தா வெளியில் வந்து, வாகை மரத்துக்குக் கீழே நின்று தனியாகச் சிரித்தாள்.

பிரஷாந்தி பாலர் பாடசாலை ஆசிரியை. விசயத்தைக் கேட்டதும் இடுப்பில் கைவைத்தாள்.

“அம்மா, உங்கட குசினியில நீங்க சமைக்க நான் அனுமதி தரணுமா?”

“உன்ட குசினி மகள். உன்ட கிணறு. நான் மாத்தி வெட்டின கக்கூஸ் குழியும் உன்டதான்.”

“அப்ப வாடகை?”

“காலையில ரெண்டு நீத்துப்பெட்டிப் புட்டு.”

“இறால் கறியோடயா, இல்லாமலா?”

“வீட்டுக்காரியாகி அஞ்சு நிமிசம் ஆகல்ல, அதுக்குள்ள கதையைப் பாரு.”

கடிதம் அன்று பின்னேரமே எழுதியாயிற்று. டென்டருக்கு இன்னும் பதினொரு நாள் இருந்தது; சமாதான நீதவானின் ஒப்பம் கிடைக்க அந்தக் கிழமை போய்விட்டது. அடுத்த திங்கள், அதே அரை மணித்தியாலத்தில், அஜந்தா அதை நல்லரத்தினத்தின் முன் வைத்தாள். அவர் வாசித்தார், தலையசைத்தார். பிறகு விரலால் கண்ணாடித் தகட்டின் மேல், அந்த மஞ்சள் கடுதாசி இருந்த இடத்தைத் தேடி, ஏழாவது வரியில் நிறுத்தினார்.

“மகள்ட கணவர்ட சம்மதமும் வேணும்.”

“என்னத்துக்கு ஐயா?”

“காணிக்காரி கலியாணம் முடிச்ச பெண் எண்டா கணவர்ட சம்மதக் கடிதம். குடும்பத் தலைவர் அவர்தானே.”

“மருமகன் கட்டாரில.”

“தூதரகத்தில அத்தாட்சிப்படுத்தி அனுப்பச் சொல்லுங்க. ஒண்டரை மாசத்தில வந்திரும்.”

“டென்டர் இந்த வெள்ளிக்கிழமை முடியுது ஐயா. ஏன் எண்டு ஒரு காரணம் சொல்லுங்க. பி.எச்.ஐ. சேர் பத்து வேலை சொன்னவர், பத்துக்கும் காரணம் சொன்னவர்.”

“இது நடைமுறை தங்கச்சி” என்றார் அவர், பொறுமையாக. ஒன்பது அடித்தது. நல்ல நேரக்காரர்கள் உள்ளே வரத் தொடங்கினார்கள்.

அன்று பின்னேரம் மருமகன் நிதுர்ஷன் தொலைபேசியில் விழுந்து விழுந்து சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்தினான்.

“மாமி, கலியாணம் முடிச்சு அந்த வீட்டில நான் நாப்பத்தொரு நாள் இருந்தன். மழை பெஞ்சா எந்த மூலையில ஒழுகும் எண்டும் எனக்குத் தெரியாது. அது பிரஷாந்திட வீடு. நான் அதுக்குச் சம்மதம் சொல்ல ஆர்? வெக்கமா இரிக்கு மாமி.”

“வெக்கத்த விடுங்க மகன். தூதரகத்துக்குப் போக லீவு கிடைக்குமா?”

“ரெண்டு கிழமைக்குப் பிறகுதான்.”

பக்கத்தில் வலைக் கிழிசலைப் பொத்திக்கொண்டிருந்த உதயரூபன் தலையை நிமிர்த்தினான். “கையெழுத்துத்தானே? நான் வைக்கிறன். நிதுர்ஷன் எண்டு எழுத எனக்குத் தெரியும்.”

“பிடிபட்டா?”

“பிடிபட்டா நல்லரத்தினத்தாருக்கு ஒரு கிலோ இறால்.”

“களவாளி மாதிரி நிக்கக் கூடாதெண்டுதான் நான் லைசன் எடுக்கிறதே. அந்த லைசனைக் களவா எடுக்கவா?”

அவன் மறுபடியும் வலைக்குள் குனிந்தான். அவள் சொன்னது சரி என்று அவனுக்கும் தெரியும்.

வியாழக்கிழமை பின்னேரம் தவமணி இன்னும் இரண்டு தொப்பியோடு வந்தாள். கதையைக் கேட்டுவிட்டு, தொப்பி ஓரத்தில் மிஞ்சிய நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

“அந்தக் கடுதாசி என்னட்டயும் கேட்டவங்க” என்றாள்.

“எப்ப?”

“ஆறு வருசத்துக்கு முந்தி. சந்தியில என்ட காணியில தையல் கடை போடப் போனன். கணவர்ட கடிதம் கொண்டு வாங்க எண்டாங்க. ஆள் காணாமப்போனவர் எண்டு சொன்னன். அப்ப மரணச் சான்றிதழ் கொண்டு வாங்க எண்டாங்க. செத்தவர் எண்டு ஆர் சொன்ன? ரெண்டாயிரத்தி ஏழாம் ஆண்டு ஒருநாள் காலையில சந்தைக்குப் போனவர். கடிதமும் இல்ல, சான்றிதழும் இல்ல. எங்க போய் வாங்குற? விட்டுட்டு வந்திட்டன்.” அவள் அதைச் சிரித்துக்கொண்டே சொன்னாள், ஒரு பழைய பகிடியைச் சொல்வது போல.

அஜந்தாவின் கை மாவுக்குள் நின்றுவிட்டது. கணவன் இருக்கிறவளுக்கு இது ஒன்றரை மாதத் தாமதம். கணவனைத் தேடித் தேடிக் களைத்தவளுக்கு இது ஆறு வருடம். ஒருத்தியின் உழைப்பையும் கையையும் மெசினையும் விட்டுவிட்டு, இல்லாத ஒரு மனிதனின் கையெழுத்தைக் கேட்கும் சட்டத்தை எந்த மூளை எழுதியிருக்கும்? எழுதித்தான் இருக்கிறதா? நல்லரத்தினம் விரல் வைத்த அந்தக் கடுதாசியில் அரச இலச்சினை இருந்ததாக அவளுக்கு ஞாபகமில்லை.

வேறொன்று ஞாபகம் வந்தது. சபை நடையில், தண்ணீர் வடிகட்டிக்குப் பின்னால், பாதி மறைந்தபடி ஒரு பலகை தொங்குகிறது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எந்தப் பிரசையும் எழுத்தில் கேட்கலாம், பதினாலு வேலை நாளுக்குள் பதில் தர வேண்டும் என்று அதில் எழுதியிருக்கிறது. காத்திருக்கும் நேரங்களில் அவள் அதை முழுவதும் வாசித்திருந்தாள். மகளின் கொப்பியிலிருந்து ஒரு தாளைக் கிழித்து இரண்டு கேள்விகளை எழுதினாள்.

வெள்ளிக்கிழமை ராகுகாலம் பத்தரைக்குத் தொடங்கும். “இண்டைக்காவது பத்து மணிக்குப் போவம்” என்றான் உதயரூபன். இறால் விற்று முடிய அவனுக்கே பத்தரையாகிவிட்டது. இருவரும் மோட்டார் சைக்கிளில் போய்ச் சேர்ந்தபோது உரிமப் பிரிவில் நல்லரத்தினமும், பின் மேசையில் ஒரு தட்டச்சுக்காரப் பெண்ணும் மட்டும் இருந்தார்கள். உதயரூபன் நடையில் நின்றுகொண்டான்.

நல்லரத்தினம் தாளை வாசித்தார். முதலாவது கேள்வி: மணமான பெண்ணின் காணிக்குக் கணவரின் சம்மதம் கேட்பது எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவின்படி? இரண்டாவது: இதைக் காரணம் காட்டிக் கடந்த பத்து வருடத்தில் எத்தனை பெண்களின் விண்ணப்பங்கள் திருப்பி அனுப்பப்பட்டன?

“இதுக்குப் பதில் வர பதினாலு வேலை நாள் செல்லும்.”

“தெரியும் ஐயா.”

“உங்கட டென்டர் இண்டைக்கு மூண்டு மணிக்கு.”

“அதுவும் தெரியும்.”

“அப்ப என்ன பிரயோசனம்?”

“எனக்கில்லாட்டி எனக்குப் பிறகு வாறவளுக்கு.” அவள் கதிரையை இழுத்து இருந்தாள். “ஐயா, ஒண்டு கேக்கவா? ஐயாட சொந்த ஊர் களுதாவளைதானே?”

“ஓம்.”

“இப்ப இரிக்கிற வீடு?”

“இஞ்சதான், கோயிலடியில.”

“ஆர்ட பேரில ஐயா?”

நல்லரத்தினம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். பின் மேசையில் தட்டச்சுச் சத்தம் நின்றது.

“மனிசிட சீதன வீடு” என்றார்.

“அவ கூரை மாத்தினா, மதில் கட்டினா, ஐயாட்டச் சம்மதக் கடிதம் வாங்கிறவவா?”

“எனக்குச் சொல்லுறதே இல்ல” என்று வாய் தவறி வந்துவிட்டது அவருக்கு. “போன மாசம் வேலையால வீட்ட போறன், வாசல் படலை வேற பக்கம் இரிக்கு.”

தட்டச்சுக்காரப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நல்லரத்தினமும் சிரித்துவிட்டார். நடையில் உதயரூபன் இருமுவது போலச் சிரித்தான். சத்தம் கேட்டு உள்ளறைக் கதவு திறந்தது. சபையின் செயலாளர் கிளோடியா வெளியில் வந்தார். பட்டணத்துப் பறங்கியர் குடும்பத்துப் பெண். இந்தச் சபைக்கு மாற்றலாகி வந்து மூன்று மாதம்.

“ராகுகாலத்தில இந்தக் கந்தோரில சிரிப்புச் சத்தம் கேக்குது. என்ன நடக்குது ஐயா?”

நல்லரத்தினம் தாளை நீட்டினார். கிளோடியா நின்றபடியே வாசித்தார்.

“முதல் கேள்விக்குப் பதில் என்ன?”

அவர் கண்ணாடித் தகட்டைக் காட்டினார். தகடு பாரம். அவர் ஒரு பக்கமும் உதயரூபன் ஒரு பக்கமும் பிடித்துத் தூக்கினார்கள். கடுதாசி கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு வந்தது. கிளோடியா நகத்தால் மெல்ல உரித்தெடுத்து இரண்டு பக்கமும் புரட்டிப் பார்த்தார்.

“இலக்கம் இல்ல. திகதி இல்ல. ஆர் ஒப்பம் வச்ச?”

“எனக்கு முந்தி இரிந்தவர் தந்தது மெடம். அவருக்கு அவருக்கு முந்தி இரிந்தவர் குடுத்திருப்பார்.”

“உபவிதிப் புத்தகம் எங்க?”

அலுமாரியின் அடித்தட்டிலிருந்து அது வந்தது. கிளோடியா வியாபார உரிமப் பகுதியை விரித்து மேசையில் வைத்தார். அஜந்தாவும் எழும்பி நின்று அவருடைய தோளுக்கு மேலால் வாசித்தாள். யாரும் அவளை இருக்கச் சொல்லவில்லை. தண்ணீர், கழிவு, காற்றோட்டம், மருத்துவச் சான்றிதழ், இடத்தின் உரிமையாளரது சம்மதம் எல்லாம் இருந்தன. கணவன் என்ற சொல் தொடக்கத்திலிருந்து முடிவு வரை எங்கும் இல்லை. அவர்கள் அதை இரண்டு தரம் தேடினார்கள்.

யாரோ ஒருவர், எப்போதோ ஒருநாள், தன் வீட்டுப் பெண்களைப் பற்றித் தான் நினைத்துக்கொண்டிருந்ததைத் தட்டச்சில் அடித்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அதற்கு மேல் ஒரு கண்ணாடியைப் போட்டதும் அது சட்டமாகிவிட்டது. தாய் வழியாக வீடு இறங்கும் இந்த மண்ணில், மனைவியின் வீட்டுத் திண்ணையில் பேப்பர் வாசித்துவிட்டுக் கந்தோருக்கு வருகிற ஆண்கள், அந்தக் கடுதாசியைக் காட்டிப் பெண்களைத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். ஒருவருக்கும் கெட்ட எண்ணம் இருக்கவில்லை. ஒருவரும் ஏன் என்றும் கேட்கவில்லை.

“நான் ஒருத்தரிட்டயும் ஒரு தேத்தண்ணி வாங்கிக் குடிக்கல்ல தங்கச்சி” என்றார் நல்லரத்தினம் தாழ்ந்த குரலில். “இரிந்தத செய்தன்.”

“தெரியும் ஐயா” என்றாள் அஜந்தா. அவர் நேர்மையானவர் என்பது அவளுக்கு உண்மையிலேயே தெரியும். அதனால்தான் அவளுக்குக் கோபம் கூடியது. ஆனால் அதை அவர் மேல் கொட்ட மனம் வரவில்லை.

உரிமப் பத்திரம் தட்டச்சானது. கட்டணம் கட்டி, ஒப்பம் வாங்கி, முத்திரை குத்தி முடிய ஒன்றே முக்கால். கிளோடியா அந்தக் கொப்பித் தாளைத் தூக்கிக் காட்டினார்.

“உங்கட வேலை முடிஞ்சிட்டுத்தானே. இத திருப்பி எடுக்கிறீங்களா?”

“முதல் கேள்விக்குத்தான் பதில் கிடைச்சிரிக்கு மெடம். ரெண்டாவதுக்கு இல்ல.”

கிளோடியா தாளின் தலையில் திகதி முத்திரை குத்தி, பற்றுச்சீட்டு எழுதிக் கொடுத்தார்.

இரண்டேகாலுக்கு வந்தாறுமூலை விடுதியின் டென்டர் பெட்டிக்குள் அஜந்தாவின் கடித உறை விழுந்தது. திரும்பி வரும் வழியில் உதயரூபன் மோட்டார் சைக்கிளை ஒரு கடையில் நிறுத்தி இரண்டு பிளேன்டீ சொன்னான்.

“வியாழக்கிழமைக்காரனுக்கு இனி என்ன செய்வாய்?”

“வந்தா குடுப்பன். எல்லாருக்கும் குடுக்கிற விலைக்கு.”

அடுத்த வியாழக்கிழமை அந்தச் சாரதி வந்தான். வழக்கம்போலக் கண்ணாடியை இறக்கினான். வேலிப் பக்கமாகக் குசினிச் சுவரில், சட்டம் போட்ட உரிமப் பத்திரம் தொங்கியது. அவன் அதை நின்று வாசிக்க வேண்டியிருந்ததால் முதன்முறையாக வாகனத்தைவிட்டு இறங்கினான். வாசித்துவிட்டுச் சட்டைப் பையைத் தடவினான்.

“ரெண்டா தம்பி?”

“ஓம் அக்கா. சம்பல் கொஞ்சம் கூட வைங்க.”

வைத்தாள். மிச்சக் காசையும் எண்ணிக் கொடுத்தாள். வாகனம் போன பிறகுதான் ஒன்றைக் கவனித்தாள். அது வந்து நின்றபோது இன்றைக்கு அவளுடைய நெஞ்சு திடுக்கிடவில்லை. கை பாட்டுக்கு இலையைச் சுற்றிக்கொண்டே இருந்தது.

விடுதிக்காரர்கள் ஆறு நாளைப் பிரித்து, மூன்று நாள் ஏறாவூரில் ஒருவருக்கும் மூன்று நாள் அஜந்தாவுக்கும் கொடுத்தார்கள். அவளிடம் இருந்த அடுப்புக்கு அதுவே காணும். பிரஷாந்தி வாடகையைத் தவறாமல் இறால் கறியோடு வாங்கினாள். தூதரகத்துக்குப் போக வேண்டியதில்லை என்று கேட்ட நிதுர்ஷன், அந்த லீவை ஊருக்கு வரும்போது எடுத்துக்கொள்வதாகச் சொன்னான்.

பன்னிரண்டாம் வேலை நாள் சபையிலிருந்து தபால் வந்தது. நல்லரத்தினம் கைப்பட எழுதியிருந்தார்; அவரே பழைய கோவைகளைப் புரட்டி எண்ணியிருக்கிறார் என்பது தெரிந்தது. கணவரின் சம்மதக் கடிதம் இல்லாததால் பத்து வருடத்தில் திருப்பி அனுப்பப்பட்ட விண்ணப்பங்கள் முப்பத்தேழு. அவர்கள் விரும்பினால் புதிய கட்டணமின்றி மறுபடியும் விண்ணப்பிக்கலாம் என்று கீழே செயலாளரின் குறிப்பு.

திங்கட்கிழமை காலை, பார்சல் ஓட்டோ திரும்பி வந்ததும், அஜந்தா அதைத் தவமணியின் ஒழுங்கைக்குள் விடச் சொன்னாள். தவமணி சாரி உடுத்து, பழைய விண்ணப்பத்தைப் பொலித்தீன் பையில் போட்டு, வாசலில் நின்றாள். ஓட்டோவில் ஒரு காலை வைத்தவள் நேரத்தைப் பார்த்துவிட்டுத் தயங்கினாள்.

“எட்டு மணி. இப்ப ராகுகாலம்தானே அஜந்தா?”

“ஓம். அதுதான் ஆளிருக்காது. ஏறு.”